பொங்கல் சாப்பிட்டு வந்த ரத்தம்

1. வெறும் வயிறு

ஆவடியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் பல வருஷம் வேலை பார்த்தேன். ஆயா வேலை என்பார்கள். ஆனால் என்னை யாரும் ஆயா என்று கூப்பிட்டதில்லை, நான் கூப்பிட விட்டதுமில்லை. தனம்மா என்றால்தான் திரும்புவேன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். இப்போது லேப் வேலைக்கு வருகிற பெண்கள் படிக்கட்டும்.

முதல் நாளே டெக்னீசியன் ஸ்டெல்லா மேடம் சொல்லிக்கொடுத்தார். சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். அது ஃபாஸ்டிங். முதல் ரத்தம் எடுத்ததும் டிபன் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம்.

"ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு உள்ள அனுப்புங்க தனம்மா. சாப்பிட்டு வந்தா ரிப்போர்ட் தப்பாயிடும்."

கேட்க ஆரம்பித்த பிறகுதான் ஜனங்களின் கணக்கு எனக்குப் புரிந்தது. காபி சாப்பாடு இல்லை. பழம் சாப்பாடு இல்லை. ஒருவர் இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, ஒன்றும் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தார்.

"பழம் இன்னா காத்தா சார்? அதுவும் வவுத்துக்குள்ளதானே போச்சு? நாளைக்கு வாங்க" என்று அனுப்பினேன்.

அந்த இரண்டு மணி நேரக் காத்திருப்புதான் எனக்குப் பிடித்தது. வாசலில் தகரக் கூரையின் கீழே ஒரு நீளப் பெஞ்சு. பக்கத்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். முதல் ரத்தம் கொடுத்த கையோடு அங்கே டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். வாசனையை வைத்தே எந்த ஊர்ச் சட்னி என்று சொல்லிவிடுவேன். சாப்பிட்டுவிட்டுப் பேசுவார்கள். வீட்டில் பேசாததெல்லாம் அங்கே வரும்.

2. மார்கழி

சண்முகத்தாய் அப்படித்தான் எனக்குப் பழக்கம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. வீட்டுக்காரர் குருசாமி ஃபேக்டரியில் வெல்டர். ஒரே பையன் செல்வம். கல்லூரி முடிக்கும் முன்பே அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. டயாலிசிஸில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் ஒன்னு குடுக்கேன்னு சொல்லிட்டேன்க்கா" என்றாள். "அவுக வேலைக்குப் போகணும். நான் வீட்டுல இருக்கவதான? ஒடம்புல சுகர் இல்லன்னு மட்டும் தெரியணுமாம். டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு."

ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டேன். பச்சைத் தண்ணீர்தான் என்றாள். உள்ளே அனுப்பினேன்.

சாம்பல் நிற மூடி போட்ட ட்யூபில் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் கையில் வந்தபோது சர்க்கரை எங்கேயோ ஏறி நின்றது. பக்கத்துக் கட்டிடத்திலிருந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இப்படி இருந்தால் கிட்னி கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சத்தம் இல்லாமல் அழுதாள். குருசாமி வாசலில் ஸ்கூட்டரைப் பிடித்தபடியே நின்றார்.

அழுது முடித்து, பையிலிருந்து ஒரு தொன்னையை எடுத்து என்னிடம் நீட்டினாள். சர்க்கரைப் பொங்கல், நெய் வழிய.

"சாமியும் கைய விட்டுட்டாரு. நீங்களாவது சாப்பிடுங்கக்கா."

"எப்ப வாங்கனே இத?"

"விடியக்காலம்தான். மார்கழில்லா? கோயில்ல அவன் பேருக்கு வேண்டிக்கிட்டு, ஒரு தொன்னை அங்கனயே சாப்பிட்டு, ஒன்னு கொண்டாந்தேன்."

நீட்டிய என் கை அப்படியே நின்றது.

"அடிப்பாவி, துன்னியா? பச்சத்தண்ணின்னியே!"

"பிரசாதம்லக்கா அது? அதப் போயி யாராச்சும் சாப்பாடும்பாகளா?"

"வவுத்துக்குத் தெரியுமா அது பிரசாதம்னு? வெல்லம்னா வெல்லந்தான்!"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது பாருங்கள், இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஓடிப்போய் குருசாமியின் தோளில் ஓர் அடி வைத்தாள். ஸ்டெல்லா மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இனிமே பிரசாதம் சாப்பிட்டீங்களான்னும் சேர்த்துக் கேளுங்க தனம்மா."

அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. ஒரு தாயைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

3. ஊதா மூடி

மறுநாள் காலை மறுபடி வந்தாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பருக்கை தொடவில்லையாம். ஃபாஸ்டிங் நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் டாக்டர் இன்னொரு டெஸ்டும் எழுதியிருந்தார், ஏ ஒன் சி. அதற்கு ஊதா மூடி போட்ட ட்யூப்.

"இதுக்கு இன்னைக்குச் சாப்பிட்டீங்களான்னு கேக்கவே வேணாம்" என்றார் மேடம். "மூணு மாசமா ரத்தத்துல சக்கரை எப்படி இருந்துச்சோ, அதச் சொல்லிடும்."

அந்த ட்யூப் பெரிய லேபுக்குப் போய், மறுநாள் ரிசல்ட் வந்தது. டாக்டர் அவளை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாராம்: "சுகர் இருக்கும்மா. கொஞ்ச நாளாவே இருந்திருக்கு. நீங்க கிட்னி குடுக்கக்கூடாது. இருக்கறத பத்திரமாப் பாத்துக்கணும்."

பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று அழவில்லை.

"பாவம்க்கா, பொங்கல் மேல பழி போட்டுட்டோம்" என்றாள்.

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை.

"அவனுக்குப் பால் குடுத்தப்ப யாரும் டெஸ்டு எடுக்கலியேக்கா."

அவள் தோளில் கை வைத்தேன்.

குருசாமி ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். "எனக்கு எடுங்க."

"நீங்க வேலைக்குப் போகணும்" என்றாள் இவள்.

"வேலை கெடக்கு. ஏட்டி, அவன் எனக்கும் மகன்தான?"

அவர் காலையில் பூரி சாப்பிட்டிருந்தார். மறுநாள் வரச் சொன்னேன்.

மறுநாள் வெறும் வயிற்றில் முதல் ரத்தம் கொடுத்தார். சுத்தமாக இருந்தது. பெஞ்சுக்கு வந்ததும் சண்முகத்தாய் டிபன் பாக்ஸைத் திறந்தாள். இட்லியும் காரச் சட்னியும். அவர் போதும் போதும் என்கிறார், இவள் வைத்துக்கொண்டே இருக்கிறாள்.

"ஏ, டெஸ்டுக்குச் சாப்பிடச் சொன்னாகளா, விருந்துக்கா?"

"பேசாமச் சாப்பிடுங்க. ஒங்க ஒடம்பு இனி ஒங்களுக்கு மட்டுமில்ல."

அவர் கை மடக்கில் வைத்த பஞ்சை அவளே அழுத்திக்கொண்டிருந்தாள். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. விரலை மட்டும் எடுக்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. அந்தக் கை தன்னுடையதாக இருக்கக்கூடாதா என்று அவள் ஏங்கியதை நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

4. இப்போது

பெரிய ஆஸ்பத்திரியில் மற்ற டெஸ்ட் எல்லாம் பார்த்து, குருசாமியின் கிட்னியைச் செல்வத்துக்கு வைத்த ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. குருசாமி ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

லேபில் அந்தப் பெஞ்சு இப்போது இல்லை. ஏசி போட்டுத் தனித்தனி நாற்காலி வைத்துவிட்டார்கள். பாதிப் பேர் வீட்டுக்கே ஆள் வரவழைத்து ரத்தம் கொடுக்கிறார்கள். ரிப்போர்ட் செல்போனில் போய் விழுகிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் செல்போனில் சுகர் என்று பார்த்த பொம்பளை யார் பக்கத்தில் போய் உட்காருவாள்? லேப் வேலைக்கு வருகிற பெண்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்ததோடு நம் வேலை முடிவதில்லை. சண்முகத்தாய் மாதிரி ஒருத்தி எதிரே நின்றால், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.

சண்முகத்தாய் எப்போதாவது போன் செய்வாள். மாத்திரை போடுகிறாளாம், நடக்கிறாளாம், சுகர் கட்டுக்குள் இருக்கிறதாம். செல்வத்துக்கு வேலை கிடைத்துவிட்டதாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் தவறாமல் அதைச் சொல்வாள்.

"என்னால ஒன்னும் குடுக்க முடியலியேக்கா."

பெஞ்சில் என்றால் தோளைத் தொட்டிருப்பேன். போனில் என்ன செய்வது? அவளாக வைக்கும்வரை காதில் வைத்துக்கொண்டு இருப்பேன்.