இரண்டாம் வரிசையில் ஒரு கார்

எங்கள் ஊரில் ஆறு என்றால் கார் நிறுத்தும் இடம். மலையிலிருந்து இறங்கி, எங்கள் கார்செனாவை இரண்டாகப் பிளந்துகொண்டு, நேராகக் கடற்கரை மணலில் போய் முடிகிற அந்தப் படுகையில் வருஷம் முழுக்கச் சரளைக்கல்லும் நாணலும்தான். தெருக்களெல்லாம் கழுதைகளுக்காகப் போடப்பட்டவை. கோடையில் மாட்ரிட்டிலிருந்தும் சரகோசாவிலிருந்தும் வருகிறவர்கள் ஊரை மூன்று சுற்றுச் சுற்றி, பக்கக் கண்ணாடியை எங்காவது உரசி, கடைசியில் ஆற்றில்தான் இறங்குவார்கள்.

அவர்களை அங்கே இறக்கிவிடுகிறவள் கசில்தா சித்தி. என் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. படுக்கை விரிப்பு மாற்றும் பெண்ணாக ஹோட்டல் லெவாந்தேயில் சேர்ந்தவள், இப்போது அதன் வரவேற்பறை, தொலைபேசி, சாவிப் பலகை எல்லாமே அவள்தான். அவள் கணவன் மீன்பிடிக் கப்பலில் போனவன், கனாரித் தீவுகளில் வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். யாராவது அதைக் கிளறினால், "அவனுக்கு அங்க பார்க்கிங் கிடைச்சுடுச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஊரை விட்டு அவள் போனதில்லை. ஆனால் ரொட்டிக்கடைச் சந்தில், இரண்டு பக்கமும் விரற்கடை இடைவெளியில், முன்பின் பார்த்திராத காரைப் பேசிக்கொண்டே ஓட்டிக்கொண்டு போவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர் கண்ணை மூடிக்கொள்வார். நான் ஏழெட்டு வருஷம் கப்பல் சமையலறைகளிலும் யார் யாரோ நாட்டுப் பண்ணைகளிலும் வேலை பார்த்துவிட்டு அந்த ஜூனில்தான் திரும்பியிருந்தேன். ஒரு வாரம் இருக்கலாம் என்று வந்த என் கையில் சித்தி சாவிக்கொத்தைத் திணித்துவிட்டாள்.

"உலகத்தையே சுத்திட்டு வந்தவளே, ஒரு வண்டிய ரிவர்ஸ் எடுக்கத் தெரியுதாடி உனக்கு? அப்படி என்னத்தத்தான் பார்த்துட்டு வந்த?"

தொலைபேசியில் யார் கேட்டாலும் அவள் வாயில் 'இல்லை' வராது. பார்க்கிங் இருக்கிறதா? இருக்கிறது. பக்கமா? பக்கம்தான். பாதுகாப்பா? ஊரே அங்கேதான் நிறுத்துகிறது.

ஊர் நிறுத்துகிற முறை ஒன்று உண்டு. ஆற்றில் இரண்டு வரிசை. கரையோரமாக ஒன்று, அதை அடைத்துக்கொண்டு இன்னொன்று. இரண்டாம் வரிசையில் விடுகிறவர்கள் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். சரிவு என்பதால் சக்கரத்தடியில் ஒரு கல். உள்ளே மாட்டிக்கொண்டவர் கல்லை எடுத்துவிட்டு, முன்னால் நிற்கும் காரைத் தோளால் தள்ளி நகர்த்திக்கொண்டு வெளியே வருவார். பிரேக் போட்டுவிட்டுப் போகிறவனை அவன் அம்மாவோடு சேர்த்துத் திட்டுவோம்.

எப்போதாவது மலையில் மழை பெய்து வரும் தண்ணீருக்கும் ஒரு முறை வைத்திருந்தோம். மேலே பெனிஹார் கிராமத்தில் சிப்ரியானோ சாராயக்கடை வைத்திருக்கிறான். அங்கே பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடினால் சித்திக்குப் போன் செய்வான். சித்தி பலகையிலிருந்து சாவிகளை அள்ளிக்கொண்டு கார்களை மேலேற்றுவாள். செப்டம்பர் தொடக்கத்தில் ஒருமுறை அப்படித்தான் போன் வந்தது. மதியத் தூக்கத்திலிருந்து விருந்தாளிகளை எழுப்பினாள். துண்டோடும் உள்ளாடையோடும் ஓடிவந்து காரை எடுத்தார்கள். வந்த தண்ணீரில் ஒரு பூனை கால் கழுவியிருக்காது. ஹோட்டல் முதலாளி எவாரிஸ்தோ அன்றிலிருந்து அவளுக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார்: நோவாவின் பொண்டாட்டி. பைபிளில் வெள்ளத்துக்கு முன்னால் மிருகங்களையெல்லாம் பேழையில் ஏற்றினாரே, அந்த நோவா. டோமினோ மேசையில் நான்கு பேர் சேர்ந்து சிரிப்பதற்கு அது போதுமாக இருந்தது. சித்தியும் சிரித்தாள். ஆனால் அவள் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு பிற்பகல். வானம் மூடியிருந்தது, சூடு இல்லை. ஹோட்டல் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இடது கண்ணாடி வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டிவந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் நியெவெஸ், சரகோசாவிலிருந்து விடியற்காலையில் கிளம்பியவள். அழுகையை விழுங்கிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"பார்க்கிங் இருக்குன்னு போட்டிருக்கீங்களே, எங்கங்க இருக்கு? மூணு தடவ சுத்திட்டேன்!"

அவளுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. வழக்கமாக என்றால் சித்தி தானே போய் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள். அன்று அவள் காதில் போன், மறுமுனையில் பன்னிரண்டு பேர் கொண்ட கல்யாண கோஷ்டி. போனின் வாயை மட்டும் பொத்திக்கொண்டு ஜன்னலிலிருந்தே சொன்னாள்.

"இருக்கே கண்ணு, ஏன் இல்லாம? நேரா போ, ரொட்டிக்கடைகிட்ட மிச்சமிருக்கிற கண்ணாடிய மடக்கிக்கோ, எறங்குனா ஆறு. ரெண்டாவது வரிசையில விடு. நியூட்ரல்ல போடு, ஹேண்ட் பிரேக் வேணாம், டயருக்கு ஒரு கல்லு. சாவிய எங்கிட்ட கொண்டாந்துடு."

"பிரேக் போடாமலா?"

"எங்க ஊரு வழக்கம். ஒண்ணும் ஆகாது, போ."

லாரிக்காரன் தலையை நீட்டினான். "ஏம்மா, சம்பந்தம் பேசி முடிச்சாச்சா? என் வண்டியில இருக்கிறது கேஸு!"

கொஞ்ச நேரத்தில் நியெவெஸ் மேலே வந்து சாவியைக் கொடுத்தாள். சித்தி அதை ஆணியில் மாட்டினாள். படிக்கட்டு எத்தனை, அறைக்குள் பிடித்து நடக்கக் கம்பி இருக்கிறதா என்று நியெவெஸ் ஏதோ கேட்டாள். போனில் கல்யாண கோஷ்டி மீன் வறுவலா குழம்பா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சித்தி மாடியைக் கைகாட்டினாள். அறையை முதலில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் ஏறிப்போனாள். கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

காரின் பின்சீட்டில் அவளுடைய அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவர். ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிவைத்து, கதவைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். எங்கள் யாருக்கும் அது தெரியாது.

சித்தி கல்யாண கோஷ்டியை முடித்துவிட்டுக் காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது சிப்ரியானோ போன் செய்தான். அவன் குரல் எனக்கே கேட்டது.

"கசில்தா, பாலத்துக்கு அடியில போகுது. இல்ல, அடியில இல்ல, பாலத்துக்கு மேலயே போகுது. கறுப்பா வருது."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"போன வாரம் நான் குடிச்சிருந்தேன். இன்னைக்குக் குடிக்கல."

போனை வைத்தாள். ஜன்னல் வழியாகக் கடல் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு துண்டு நீலம் தெரிந்தது. முற்றத்திலிருந்து டோமினோக் கட்டைகளின் சத்தமும் எவாரிஸ்தோவின் இருமலும் வந்தன. சித்தி உட்கார்ந்து காப்பியைக் குடித்தாள். ஒவ்வொரு வாயாக, சர்க்கரை அடியில் தங்கும்வரை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நெரேயா, நீ மாடிக்குப் போய் எழுப்பு. நான் சாவிய எடுக்கறேன்."

"ஆரம்பிச்சுட்டாய்யா நோவாவோட பொண்டாட்டி!" என்றார் எவாரிஸ்தோ. "இந்தத் தடவ ஒட்டகச்சிவிங்கியையும் கூட்டிட்டுப் போ!"

நான் கதவுகளைத் தட்டிக்கொண்டே போனேன். நியெவெஸ் கன்னத்தில் தலையணை மடிப்போடு கதவைத் திறந்தாள். ஆற்றில் தண்ணீர் வரலாம், காரை எடுக்க வேண்டும் என்றேன். அவள் முகம் வெளுத்ததுபோல் யார் முகமும் வெளுத்து நான் பார்த்ததில்லை.

"அப்பா உள்ள இருக்காரு."

மாடிப்படியின் கீழே சித்தி சாவிகளோடு நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்துவிட்டது. ஓடினாள்.

ரொட்டிக்கடைச் சந்தைத் தாண்டுவதற்குள் சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல, ஆனால் நிற்காமல். ஆற்றுக்குள் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் காரை எடுக்க, மேலேறும் சரிவுப்பாதையில் இரண்டு வண்டிகள் குறுக்கே சிக்கி, ஒருவன் இன்னொருவனை ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு என்று கத்திக்கொண்டிருந்தான். முதல் தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. தண்ணீர் என்றா சொல்வது, பழுப்புக் குழம்பு. அதில் நாணல் தண்டுகளும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மிதந்து போயின.

அதோடு அந்த வெள்ளைக் காரும் போய்க்கொண்டிருந்தது. சக்கரத்தடிக் கல்லைத் தண்ணீர் உருட்டிவிட்டிருந்தது. ஓட்டுகிறவர் இல்லாமல், மெதுவாக, நடக்கிற வேகத்தில், கடலைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் ஒரு நரைத்த தலை ஆடியது.

சித்தி தண்ணீருக்குள் குதித்தாள். நானும். பின்னால் வந்த நியெவெஸை யாரோ இடுப்பில் பிடித்து நிறுத்தினார்கள். அவள் அலறல் மட்டும் எங்களோடு வந்தது. சித்தி காரோடு கூடவே ஓடியபடி சாவியை அழுத்தினாள். பூட்டு திறந்த சத்தம் கேட்டது. உடனே பூட்டிக்கொண்டது. உள்ளே கிழவர் விழித்துவிட்டிருந்தார்.

"திருடி! காரைத் திருட வந்தியா? போலீஸ்!"

"ஐயா, பூட்டாதீங்க! தண்ணி வருது!"

"தண்ணியா? நான் சரகோசாக்காரன்டி! எப்ரோ நதிய வாசல்ல பார்த்து வளர்ந்தவன். இதுவா தண்ணி?"

அவள் வெளியே அழுத்தினாள், அவர் முன்சீட்டுகளுக்கு நடுவே கையை நீட்டி உள்ளே பூட்டுப் பொத்தானை அழுத்தினார். திறந்தது, பூட்டியது, திறந்தது. தண்ணீர் என் முழங்காலைத் தொட்டது. அடித்துவரும் கற்கள் எலும்பில் பட்டன. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ அவர் கை வழுக்கியது. சித்தி ஓட்டுநர் கதவைப் பிடுங்கித் திறந்து உள்ளே விழுந்தாள். நான் மறுபக்கம் ஏறினேன். கதவை மூடும்போது தண்ணீரும் உள்ளே வந்துவிட்டது.

எஞ்சின் பிடித்தது. சித்தி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். சரிவுப்பாதை எங்களுக்கு மேலே, தண்ணீர் வரும் திசையில் இருந்தது. அங்கே சிக்கியிருந்த கார்களை விட்டுவிட்டு ஆட்கள் கூரைமேல் ஏறிக் கரைக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அப்பால், ஆற்றின் வளைவில், ஒரு ஆள் உயரத்துக்குப் புதரும் மரமுமாக ஒரு தண்ணீர்ச் சுவர் திரும்பிக்கொண்டிருந்தது.

"சித்தி, எறங்கி ஓடிடலாம்."

"இவர் ஓடுவாரா?"

கியரைப் போட்டாள். கடலைப் பார்த்து ஓட்டினாள்.

வழியில் பிரேக் இல்லாமல் நின்ற மற்ற கார்களும் நகரத் தொடங்கியிருந்தன. ஒன்று பக்கவாட்டில் திரும்பி வழியை மறித்தது. அதற்கும் கரைச்சுவருக்கும் நடுவே ரொட்டிக்கடைச் சந்து அளவுகூட இல்லை. சித்தி வேகத்தைக் குறைக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த இடது கண்ணாடி பிய்ந்து போனது, வலது பக்கம் தகரம் நீளமாகக் கிழியும் சத்தம். கிழவர் பின்னாலிருந்து ஏசினார்.

"யாருடி உனக்கு லைசென்ஸ் குடுத்தது?"

"பேசாம பிடிச்சுக்கோங்க, ஐயா!"

படகுத்துறைப் பாலத்துக்கு அடியில் நுழைந்தோம். மறுபக்கம் மணல். ஆறு நேராகக் கடலுக்குப் போக, அவள் இடதுபக்கம் ஒடித்தாள். வாடகைச் சாய்நாற்காலிகள் அடுக்கியிருந்த இடத்தை இடித்துக்கொண்டு ஏறி, நாற்காலிகள் பறக்க, கார் மணலில் புதைந்து நின்றது. எஞ்சின் அணைந்தது.

அந்தச் சுவர் எங்களுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடலாம் போன்ற தூரத்தில், கடலுக்குள் போனது. பாலத்தின் கைப்பிடிகள் அதோடு போயின. ஒவ்வொரு காராகப் போயின. சிலவற்றில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

கிழவர் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். "எப்ரோ இப்படிச் சத்தம் போடாது" என்றார் பிறகு.

ஆட்கள் மணலில் ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நியெவெஸ், செருப்பில்லாமல். அப்பாவின் முகத்தைத் தடவிப் பார்த்தாள், காலைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு சித்தியிடம் வந்து அவள் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நீங்க மட்டும் இல்லைன்னா... கடவுள் மாதிரி..." பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். எவாரிஸ்தோவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சாய்நாற்காலிகளையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சித்தியின் காதருகே குனிந்தார். ஆனால் எனக்குக் கேட்டது.

"நல்லதாப் போச்சு. இப்படியே விடு. ஒண்ணும் பேசிக்காத."

சித்தி அவரைப் பார்க்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"எனக்கு நன்றி சொல்லாதம்மா" என்றாள். "அங்க விடச் சொன்னது நான். பிரேக் போடாதேன்னதும் நான்தான். தண்ணி வருதுன்னு போன் வந்துச்சு. வந்ததுக்கு அப்புறம் உக்காந்து காப்பி குடிச்சேன். என்னைப் பார்த்துச் சிரிப்பாங்களேன்னு."

கைதட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். நியெவெஸ் சித்தியின் முகத்தைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. மெல்ல, ஒவ்வொரு விரலாக, தன் கையை விடுவித்துக்கொண்டாள். அடிக்கப்போகிறாள் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். சித்தி நகரவில்லை.

"நான் கேட்டேனே" என்றாள் நியெவெஸ். "பிரேக் போடாமலான்னு கேட்டேனே."

"கேட்ட."

காருக்குள்ளிருந்து கிழவர் கத்தினார். "அம்மாடி, என்னை இங்கேயே வச்சுக் கும்பிடப் போறீங்களா? சீட்டெல்லாம் தண்ணி. இடுப்பு விட்டுப்போகுது."

எவாரிஸ்தோ முன்னால் வந்தார். நியெவெஸ் அவரைக் கையால் தடுத்தாள். காரின் பின்கதவைத் திறந்து, ஒரு பக்கம் அப்பாவின் அக்குளுக்கடியில் தோளைக் கொடுத்தாள். சற்று நின்றாள். திரும்பாமலேயே சொன்னாள்:

"அந்தப் பக்கம் பிடிங்க."

சித்தி போய்ப் பிடித்தாள். அவர் நடுவில் தொங்கியபடி, மெதுவா, மெதுவா, ஆட்டை இழுக்கிற மாதிரி இழுக்காதீங்க என்று வைதுகொண்டே வர, இரண்டு பெண்களும் ஈர மணலில் கால் புதையப் புதைய நடந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.