இடது இடுப்பில் ஒரு தேய்மானம்

கடைசியாகப் பார்த்த சரித்திரப் படத்தில் ராணி உடுத்திய பட்டு உங்கள் கண்ணிலேயே நிற்கிறது, சரி. அவளுக்குப் பின்னால் குடம் சுமந்து போன பணிப்பெண் என்ன உடுத்தியிருந்தாள், சொல்லுங்கள் பார்ப்போம்? தெரியாது. உங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே ஒருத்தி ஆறு வாரம் கைத்தோல் உரிய உழைத்திருக்கிறாள்.

படங்களுக்கு உடை தைக்கும் பட்டறையில் அவளுக்குக் கந்தலக்கா என்று பெயர். தையல்காரர்கள் மடிப்புக் கலையாத புத்தாடையைக் கொடுப்பார்கள். அவள் அதற்கு இருபது வயதை ஏற்றித் திருப்பித் தருவாள். தேயிலைத் தண்ணீரில் ஊறவைப்பாள், வெயிலில் வாட்டுவாள், உப்புத்தாளால் தேய்ப்பாள். மனம் போன இடத்தில் தேய்க்கமாட்டாள். கணக்கப்பிள்ளைக்கு முழங்கை, தோட்டக்காரனுக்கு முழங்கால். "இந்த ஆள் என்ன வேலை செய்வான், எந்தக் கை பழக்கம்?" என்று கேட்ட பிறகுதான் தாளைக் கையில் எடுப்பாள்.

"புதுத் துணியை நாசம் பண்றதுக்கு ஒரு உத்தியோகமா, அண்ணி? எங்க வீட்டுல எலி அதைச் சும்மாவே செய்யுது" என்பாள் நாத்தனார்.

"எலிக்கு எங்கே கடிக்கணும்னு தெரியாதே!"

ஆனால் இந்த ராணி படத்தில் அவளுக்கே சறுக்கிவிட்டது. பணிப்பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, "குடத்தோட வருவா, போவா, அவ்வளவுதான்" என்றார்கள். கந்தலக்கா தான் குடம் சுமக்கும் இடுப்பை நினைத்துக்கொண்டு இடப்பக்கம் தேய்த்துவிட்டாள். படப்பிடிப்பிலிருந்து வந்த போட்டோவில் நடிகை குடத்தை வலது இடுப்பில் வைத்திருந்தாள்.

"யாருக்குத் தெரியப் போகுது, விடுங்கக்கா" என்றார் தையல் மாஸ்டர்.

"எனக்குத் தெரியுமே."

அன்றைக்கே உடைப் பிரிவின் தலைவரிடம் போய் நின்றாள். "தப்பு செஞ்சா என் தப்புதானே? அப்போ வேலையும் என்னுதுதான். படத்துல என் பேரு வரணும்."

"துணியைப் பழசாக்குறவங்க பேரை யாரும் போட்டதில்லையேம்மா."

"அதான் கேக்குறேன். நீங்க போடுங்க."

"பார்க்கலாம்" என்றார் அவர். அந்தச் சொல் எவ்வளவு வழுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் படம் வந்த முதல் நாளே, பகல் காட்சிக்கு, நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

படம் அழகாகத்தான் இருந்தது. உயரமான ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் பால் போல வழிந்தது. அந்த வெளிச்சத்தில் ராணியின் பட்டு நெருப்பாக எரிந்தது. ராணி கெட்டவள்தான், ஆனாலும் அவள் தனியாக உட்கார்ந்து கனத்த காதணியைக் கழற்றி, காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டபோது கந்தலக்காவுக்கே பாவமாக இருந்தது.

பிறகு அந்தக் காட்சி. பணிப்பெண் குடத்தோடு நீண்ட கூடத்தில் வருகிறாள், குடம் வலது இடுப்பில். ராணி கூப்பிடுகிறாள். பணிப்பெண் நிற்கிறாள். ஒருமுறை குனிந்து தன் உடையைப் பார்க்கிறாள். குடத்தை இடப்பக்கம் மாற்றுகிறாள். அது அந்தத் தேய்மானத்தில் அச்சாகப் போய் உட்கார்ந்தது. நடிகை துணியைப் படித்திருக்கிறாள்! ஒரு வார்த்தைகூடப் பேசாத பெண்ணுக்கு அந்த ஒரு நொடியில் இருபது வருட வாழ்க்கை வந்துவிட்டது.

"பாத்தியா?" என்று நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

"எதை?"

படம் முடிந்தது. நடிகர்கள் பெயர் வந்தது, இயக்குநர் பெயர் வந்தது. மற்ற பெயர்கள் மேலேறத் தொடங்கியதுமே விளக்குகள் எரிந்தன, திரை இருண்டது. கூட்டம் எழுந்தது. கந்தலக்கா எழவில்லை.

தியேட்டர் மேலாளர் வந்தார். "படம் முடிஞ்சிடுச்சும்மா."

"முடியல. நீங்க நிறுத்திட்டீங்க. மீதியைப் போடுங்க."

"வெறும் பேருங்கம்மா. நாலு நிமிஷம் ஓடும். அடுத்த ஷோவுக்குக் கூட்டணும்."

"ராஜா ராணியை மூணு மணி நேரம் காட்டினீங்க. அவங்களுக்கு உடுத்திவிட்டவங்களுக்கு நாலு நிமிஷம் இல்லையா?"

நாத்தனார் முந்தானையை இழுத்தாள். "எழுந்திருங்க அண்ணி, மானம் போகுது. நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்."

"தலையில எவனும் எதுவும் எழுதல. திரையில எழுதினவன் மனுஷன். எழுதினானா இல்லையான்னு பாக்காம நான் நகரமாட்டேன்."

கதவருகே துடைப்பத்தோடு காத்திருந்த பெண் உள்ளே வந்து, காலியாக இருந்த ஓர் இருக்கையில் உட்கார்ந்தாள். "போடுங்க சார். ஒன்பது வருஷமா இங்கே கூட்டுறேன், ஒரு படத்தையும் நான் முழுசாப் பாத்ததில்ல. நாலு நிமிஷத்தை நான் வேகமாக் கூட்டி ஈடுகட்டிடுறேன்."

மேலாளர் மூக்கைச் சொறிந்துகொண்டு, மேலே படம் ஓட்டும் அறையைப் பார்த்துக் கையை ஆட்டினார். விளக்குகள் அணைந்தன.

தச்சர்கள் வந்தார்கள். குதிரை பார்த்தவர்கள், சமைத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஏறக்குறையக் கடைசியில், 'ஆடைகளைப் பழமையாக்கியவர்' என்று ஒரு வரி, பக்கத்தில் அவள் பெயர். இரண்டு நொடிகூட நிற்கவில்லை.

நாத்தனார்தான் முதலில் கத்தினாள்: "அண்ணி! நீங்கதான் அது!"

கந்தலக்கா அப்போதும் எழவில்லை. அவள் பெயருக்குக் கீழே இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். அத்தனை பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் எழுந்தாள்.

அடுத்த முறை நீங்கள் படம் பார்க்கப் போகும்போது, விளக்கு எரிந்தாலும் எழுந்துவிடாதீர்கள். மீதியைப் போடச் சொல்லுங்கள். முறைத்தால் இன்னும் உரக்கச் சொல்லுங்கள்.