இலைக்கடியில் ஒளித்த வடை

சனிக்கிழமை காலை 5.30. கிளாம்பாக்கத்தில் திருச்சிப் பேருந்தில் ஏறுவதற்கு முன் வீட்டில் எடை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். 76.3 கிலோ. திங்கள் காலை எட்டு மணிக்கு மருத்துவமனைத் தராசில் 76க்குக் கீழே நிற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த பரிசோதனை இரண்டு மாதம் தள்ளிப்போகும். என் அண்ணனுக்கு அந்த இரண்டு மாதம் இருக்கிறதா என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் பயந்துகொண்டு கேட்கவில்லை.

அண்ணன் சேகர் கல்வராயன் மலையில் கரியாலூரில் சின்னதாக ஓட்டல் வைத்திருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் இரண்டு நாள் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு போகிறார். என் ரத்தமும் அவர் ரத்தமும் ஒரே வகை. ஒன்றைக் கொடுக்கிறேன் என்றேன். "உன் உடம்புல கத்தி வெச்சி நான் பொழைக்கணுமா? பேசாத" என்று போனை வைத்துவிட்டார். அது மூன்று மாதத்துக்கு முன்பு. நான் பேசாமல் ஆறு கிலோ குறைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு 1,300 கலோரி, ஒரு கடுகு கூடக் கூடாது. கைப்பையில் அவர் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவம் இருந்தது. கூடவே சமையலறைத் தராசு ஒன்று. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

காலை 9.20, உளுந்தூர்பேட்டை. சுமார் 170 கிலோமீட்டர், கட்டணம் 185 ரூபாய். நெடுஞ்சாலைச் சந்திப்பு என்பதால் லாரிக்காரர்களும் பேருந்துக்காரர்களும் மொய்க்கும் ஊர். இலையில் சோறு விழுகிற சத்தம் எந்நேரமும் ஓயாது. எனக்கு ஓட்டல் என்றாலே இப்போது பயம். வீட்டில் என் கரண்டி, என் எண்ணெய். இங்கே யார் எதை எவ்வளவு ஊற்றினார்கள் என்று எந்த மகராசனுக்குத் தெரியும்? இரண்டு இட்லி வாங்கினேன், 24 ரூபாய். யாரும் பார்க்காத நேரமாகத் தராசை எடுத்து மேஜைமேல் வைத்து ஒரு இட்லியை ஏற்றினேன். 62 கிராம். சர்வர் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, தங்கமா எட போடுறீங்க?"

"டாக்டர் சொல்லியிருக்காருங்க."

"எங்க ஓட்டல்ல இட்லி கம்மியாலாம் இருக்காதுக்கா. வேணும்னா இன்னோண்ணு வெக்கிறேன்."

"ஐயோ, வேணாங்க!" என்று இரண்டு கையாலும் தட்டை மூடினேன். பக்கத்து மேஜை லாரி ஓட்டுநர் மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். போனில் இருக்கும் செயலியில் இட்லி இரண்டு, சாம்பார் அரைக் கிண்ணம் என்று போட்டேன். 190 காட்டியது. நம்பினேன்.

எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர 11.30 ஆகிவிட்டது. பகல் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தேன், 90 ரூபாய். நான் "நெய் வேண்டாம்" என்று வாயைத் திறப்பதற்குள் பருப்பின்மேல் நெய் விழுந்துவிட்டது. சோற்றைப் பாதியில் ஒதுக்கி, நெய் படாத பக்கமாகத் தோண்டித் தோண்டிச் சாப்பிட்டேன். உத்தேசமாக 450 என்று போட்டேன். உத்தேசம் என்ற வார்த்தையே இந்த மூன்று மாதமாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கச்சிராயபாளையம் வரை டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து ஷேர் ஜீப்பில் தலைக்கு 60 ரூபாய். கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. பக்கத்தில் களை வெட்டும் கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு அம்மாள், மடியில் பலாச்சுளைப் பொட்டலம்.

"ரெண்டு துன்னும்மா. மேல ஏற ஏற கொமட்டும்."

"வேணாங்கம்மா, இனிப்பு ஆகாது."

"சக்கரையா?"

"இல்ல, எட கொறைக்கிறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க காலைலேர்ந்து குனிஞ்சிக்கினே இருக்கோம். துன்னதுலாம் எங்க போவுதுன்னே தெரியல. நீ துன்னாம கெடந்து எட கொறைக்கிற." குத்தலாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு சுளை வாங்கிக்கொண்டேன். ஜீப்பின் ஆட்டத்தில் தராசு வைக்க முடியாது. செயலியைத் திறந்தால் சிக்னலும் இல்லை. மூன்று மாதக் கணக்கையும் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டில்தான் அன்றிலிருந்து எழுதினேன். படிவத்தையும் மடித்து அதற்குள்ளேயே செருகி வைத்தேன்.

மாலை 3.40, கரியாலூர். சமவெளியின் வெக்கை கழன்றுவிட்டது. அருவி பார்க்க வந்த கூட்டம் அண்ணன் கடையில் ஆறு மேஜையையும் நிரப்பியிருந்தது. அண்ணன் கல்லாவில் இருந்தார். முகம் வீங்கி, கால் வீங்கி, நான் போன முறை பார்த்த மனிதரே இல்லை.

"இன்னா பாப்பா, எளச்சிட்ட? வூட்ல சோறு போடலயா உன் வூட்டுக்காரு?"

எழுந்து வந்தவர் என்னிடம் வரவில்லை. சாப்பிட்டு எழுந்தவர்களின் இலைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி அண்ணியிடம் சத்தம் போட்டார். "செல்வி, சாம்பார்ல உப்பு ஜாஸ்தி. மூணு இலைல அப்டியே நிக்குது பாரு."

அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நாக்குல உப்பு வெக்கக் கூடாதுன்ட்டாங்க. அதான் இலயப் பாத்தே ருசி கண்டுபுடிக்கிறாரு. குடிக்கிற தண்ணிகூட அளவுதான்." மேஜையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. உட்புறம் ஆணியால் கீறிய கோடு. அந்தக் கோடு வரைக்கும் ஒரு நாளைக்கு எட்டு முறை, அவ்வளவுதான் அவருக்குத் தண்ணீர்.

அன்று மாலை பூரியிலிருந்து தப்பித்தேன். "பஸ்ல குமட்டல்" என்றேன். ஞாயிறு காலை பொங்கல் வந்தது. நாலு வாய் தின்று, 250 என்று எழுதினேன். படிவத்தில் கையெழுத்துக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார் என்ற பயம்.

ஞாயிறு பகல் 1.15. எனக்காகவே சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் வடையும் செய்திருந்தார்கள். அண்ணனே நின்று பரிமாறினார். ஒரு துண்டுக்கு மேல் இன்னொன்று, வடைக்கு மேல் வடை. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவர் முகம் வாடுவதைப் பார்க்க முடியவில்லை. ஒரு மேஜைக்குப் பணம் வாங்க அவர் நகர்ந்ததும், இரண்டு வடையையும் கோழித் தொடையையும் ஓரமாகத் தள்ளி, இலையை மடித்து மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். புத்தி எங்கே போயிற்றோ! முந்தின நாள்தானே பார்த்தேன், அந்த மனிதர் இலை பார்க்காமல் விடமாட்டார் என்று.

திரும்பி வந்தால் இலை திறந்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இல்லயா பாப்பா?"

"ஐயோ, அப்டிலாம் இல்லண்ணா."

"நல்லா இல்லாட்டி ஓரமா வெச்சிருப்ப. ஒளிச்சி இல்ல வெச்சிருக்கிற. இன்னா வெசயம்?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. சர்க்கரை என்று சொல்லலாம். ஆனால் அழுகை முந்திக்கொண்டது. "திங்கக்கெழம எட பாப்பாங்கண்ணா. எழுபத்தாறுக்குக் கீழ வந்தாதான் என்னோடத எடுப்பாங்க. நீ வேணாம்னாலும் நான் கொறைச்சிக்கினுதான் இருக்கேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் மேஜையில் கிடந்த என் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முக்கால் மணி நேரம் நான் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு கூப்பிட்டார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"காலைல பொங்கல் எரநூத்தம்பதுன்னு எழுதிக்கிற. நான் போட்ட நெய் எவ்ளோன்னு கேட்டியா?"

"கேக்கல."

"எம்மாந் தெகிரியம்! நாலு வாய்ல ரெண்டு ஸ்பூன் நெய் இருக்கும். அதுவே தனியாச்சி. சாம்பார்னா பருப்புன்னு நெனச்சிக்கினியா? ஓட்டல் சாம்பார்ல மேல மெதக்குதே, அது இன்னா? பொரியல்ல எண்ணெ ஊத்தாத ஓட்டலே கெடயாது. இட்லித் தட்டுலகூட எண்ணெ தடவிதான் ஊத்துவோம். நீ மூணு மாசமா வெளிய துன்னதுலாம் தப்புக் கணக்கு."

அலுவலக வேலையாக அலைந்து வெளியில் சாப்பிட்டது எத்தனை நாள்! அந்த முந்நூறு கிராம் ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று இப்போதுதான் புரிந்தது. "இப்ப இன்னாண்ணா செய்றது?"

"போ. மூஞ்சி கழுவிக்கினு கெளம்பு. நாலு மணி ஜீப்பு." அவ்வளவுதான் பதில்.

மாலை 4.00. ஜீப்பில் ஏறியதும் அண்ணி ஒரு பொட்டலத்தை மடியில் வைத்தார், குறிப்பேட்டையும் கொடுத்தார். அண்ணன் கடை வாசலிலேயே நின்றார். கை காட்டவில்லை. ஜீப் இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது வளைவில் குறிப்பேட்டைத் திறந்தேன். படிவம் இல்லை.

உதறிப் பார்த்தேன். கைப்பையைக் கவிழ்த்தேன், தராசு உருண்டு ஓட்டுநர் காலடிக்குப் போனது. "இன்னாம்மா தொலச்சிட்டீங்க?" என்றார். "காகிதம்" என்றேன். கிழித்துப் போட்டிருப்பார். அவர் குணம் எனக்குத் தெரியாதா? கச்சிராயபாளையத்தில் சிக்னல் வந்ததும் நாலு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சி வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வழியெல்லாம் கரும்புக் காடுதான், ஒன்றும் கண்ணில் பதியவில்லை.

இரவு 7.30, உளுந்தூர்பேட்டை. சென்னைப் பேருந்துக்கு இருபது நிமிடம். அதே ஓட்டல் வாசல் பெஞ்சில் பொட்டலத்தைப் பிரித்தேன். வாழையிலையில் சாமைச் சோறு, வேகவைத்த கீரை, தோலுரித்த கோழித் துண்டு இரண்டு. மேலே பில் தாளின் பின்புறம் அண்ணன் எழுத்து: "சோறு என் டம்ளரில் கோடு வரைக்கும் ஒன்றரை. கீரையில் எண்ணெய் கால் ஸ்பூன், நானே ஊற்றினேன். கோழியில் எண்ணெய் இல்லை. கலோரி நீயே போட்டுக்கொள். வெளியில் இனிமேல் எதையும் நம்பாதே."

இலைக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் இன்னொன்று இருந்தது. படிவம். மூன்று இடத்திலும் கையெழுத்து. மூன்றாவதின் பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கறை.

உள்ளே இருந்து அந்தச் சர்வர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, இன்னிக்குத் தராசு இல்லயா?"

"வேணாங்க. இது அளந்து வந்தது" என்றேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். இலையை மடிக்கவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்குத் தராசில் ஏறினேன். 75.9. வாசலுக்கு வந்து அண்ணனை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எழுபத்தாறுக்குக் கீழ வந்திடுச்சிண்ணா" என்றேன்.

"அப்ப போய் எதுனா துன்னு பாப்பா" என்றார்.