சலேத்மேரி டீச்சர் இரவல் வாங்கிய ஆறு பேர்

மணற்கால் கிராமத்தில் பிள்ளைகள் வாடகைக்குக் கிடைக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னவர், குத்தாலத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் துரைராசு. தொழில் போட்டியோ என்னவோ, குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"நாங்க அண்டா விடுறோம், சேர் விடுறோம், பந்தல் விடுறோம். அந்த டீச்சரம்மா புள்ளையவே எடுத்திருக்காங்க சார். ஒரு நாள் வாடகை. யூனிபாரத்தோட."

"வாடகை எவ்வளவாம்?"

"அதான் தெரியல. தெரிஞ்சா நானும் ரெண்டு வாங்கிப் போட்டுருப்பேன்ல?"

இப்படி ஒரு தகவலை விசாரிக்காமல் விடுவது பாவம். மறுநாளே டவுன் பஸ் ஏறினேன்.

சலேத்மேரி, மணற்கால் மாதா கோயில் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. பள்ளி மூடி மூன்று மாதம் ஆகிவிட்டதால் முன்னாள் என்று சேர்க்க வேண்டும், அவர் சேர்ப்பதில்லை. வேறு பள்ளிக்கு மாற்றிய உத்தரவை வாங்கிக்கொண்டு விடுப்பில் இருக்கிறார். வதந்தியைச் சொன்னதும் கோபப்படவில்லை. "வாடகை இல்ல சார், இரவல்" என்று திருத்தினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஒரு பங்குச் சாமியார், கோயிலுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, கீழத்தெருப் பண்ணையாட்களின் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். மேலத்தெரு சிரித்தது. சலேத்மேரி வேலைக்குச் சேர்ந்தபோது கீற்று ஓடாகியிருந்தது. சிரித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். பள்ளிவாசல் தெருவிலிருந்து தனியாக ஒரு கூட்டம் வரும். இடம் போதாமல் மூன்றாம் வகுப்பு கோயிலுக்குள்ளேயே நடந்தது. வாய்ப்பாட்டுச் சத்தத்தில், பாவமன்னிப்புக் கேட்டு வருகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்றே காதில் விழவில்லை என்று சாமியார் குறைப்படுவாராம்.

அப்புறம் நாடு உலகச் சந்தைக்குக் கதவைத் திறந்தது. திறந்த கதவு வழியாக மணற்காலுக்கு முதலில் வந்தது ஒரு மஞ்சள் வேன். இங்கிலீஷ் மீடியம். இரண்டு, மூன்று என்று வேன்கள் பெருகவே கோயில் நிர்வாகமும் விழித்துக்கொண்டு, அதே வளாகத்தின் மறுபாதியில் தானும் ஒரு மெட்ரிக் பள்ளியைத் தொடங்க முடிவு செய்தது. கட்டட நிதி கேட்டு, சவுதியில் சம்பாதித்து வந்திருந்த லியாகத் அலியிடம் போகச் சொன்னது யாரை? சலேத்மேரியை. லியாகத் அலி டீச்சரிடம் 'அ' எழுதக் கற்றவர். "எங்க டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப்போறேன்?" என்று தாராளமாகக் கொடுத்தார். மாடி எழுந்தது, இங்கிலீஷ் போர்டு ஏறியது, லியாகத் அலியின் மகள் ஆஷிகாவும் அந்த மாடியில்தான் ஏறினாள். ஆக, அந்த வளாகத்தில் கல்விப்பணி நன்றாகவே வளர்ந்தது. எதைத் தின்று வளர்ந்தது என்றுதான் யாரும் கேட்கவில்லை.

ஓட்டுக் கட்டடத்தில் மிஞ்சியவர்கள் கீழத்தெருப் பிள்ளைகள் பதினாலு பேர். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை, குறுவை இல்லை, பெற்றவர்களுக்குக் கூலி இல்லை. மதியச் சத்துணவுதான் அந்தப் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்ட ஒரே வேளை. பள்ளிக்கூடம் மூடிப்போனால் சோறும் போகும். டீச்சருக்குத் தூக்கம் போனது இதனால்தான். அவருடைய பென்ஷனுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

கல்வி அலுவலர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை தலை எண்ண வருவேன்மா. இருபது தெரியலேன்னா மூடச் சொல்லி எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

டீச்சர் பள்ளிவாசல் தெருவில் வீடு வீடாக ஏறினார். முதல் வீடு, லியாகத் அலியின் மனைவி மெஹராஜ் பேகம்.

"சனிக்கிழமை உங்க ஸ்கூலு லீவுதானேம்மா? காலையில மட்டும் ஆஷிகாவ அனுப்பு."

"எதுக்கு டீச்சர்?"

"ஆபீசர் வந்து எண்றதுக்கு."

"எங்க வீட்ல கோழியத்தான் எண்ணுவோம்" என்று மெஹராஜ் பேகம் சிரித்தார். "அவ அத்தாவுக்குத் தெரிஞ்சா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாங்க டீச்சர்."

"உன் காலுல விழட்டுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன டீச்சர் பேச்சு இது! ஆபீசர் வர்றாங்கல்ல, பளிச்சுனு அனுப்புறேன். போங்க."

அந்தப் 'பளிச்சு'வை டீச்சர் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் மெட்ரிக் பள்ளியின் டை, கறுப்பு ஷூ, முத்திரை போட்ட வெள்ளை சாக்ஸ், முகம் நிறையப் பவுடர். ஆபீசர் முன்னால் பிள்ளை நிற்கப்போகிறது என்றால் எந்தத் தாய் பழைய கவுனைப் போட்டு அனுப்புவாள்? டீச்சர் ஓடி ஓடி டையை அவிழ்த்தார், ஷூவைக் கழற்றினார். சத்துணவு ஆயா கண்ணாத்தாள் எல்லாவற்றையும் காலி அரிசிச் சாக்கில் திணித்தார்.

"டீச்சர், இதுங்க காலப் பாருங்க. பஞ்சாட்டம் இருக்கு. நம்ம புள்ளைங்க கால் பக்கத்துல வச்சா எவனும் கண்டுபிடிச்சிருவான்."

"மண்ணப் பூசு!"

பூசினார்கள். ஆஷிகா ஓவென்று அழுதாள். மூக்கைத் துடைத்து உட்கார வைப்பதற்குள் அலுவலர் வந்துவிட்டார்.

பதினாலு பேர் எழுந்து "வணக்கம் ஐயா" என்றார்கள். ஆறு பேர் மட்டும் ராகம் இழுத்து, "குட்... மார்னிங்... சார். காட் பிளஸ் யூ... சார்!"

அலுவலர் எண்ணினார். இருபது. பேனாவை எடுத்தவர், அழுத முகத்தோடு நின்ற ஆஷிகாவைப் பார்த்து, "எந்த வகுப்பும்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"ஒண்ணாப்புனு சொல்லுடி" என்று பக்கத்திலிருந்த கீழத்தெருக் கலைமகள் கிசுகிசுத்தது அந்த அறை முழுக்கக் கேட்டது.

"யூ.கே.ஜி., பி செக்‌ஷன்" என்றாள் ஆஷிகா.

"நானும் இப்படி ஒரு பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன் டீச்சர்" என்றார் அலுவலர்.

"அப்ப விட்டுருங்க சார்."

"விட்டா என் வேலை போயிடும்மா."

பதினாலு என்று எழுதிவிட்டுப் போனார்.

ஓட்டுக் கட்டடத்தில் இப்போது மெட்ரிக் பள்ளியின் வேன் நிற்கிறது. பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றியாயிற்று என்கிறார்கள். இரண்டு வாய்க்கால் தாண்டிப் போக வேண்டும், சிலர் போகிறார்கள். கலைமகள் அம்மாவோடு மோட்டார் பாசன வயல்களில் களை பறிக்கப் போகிறாள். டீச்சர் மத்தியானம் தன் வீட்டிலேயே பெரிய பானையில் உலை வைக்கிறார்.

"எத்தனை பேர் சாப்பிட வர்றாங்க டீச்சர்?"

"எண்றதை விட்டுட்டேன் சார்."

நான் கிளம்பும் நேரத்தில் மெஹராஜ் பேகம் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், அந்த ஒத்த சாக்ஸு கிடைச்சுதா? ஸ்கூல்ல தினம் வெளிய நிக்க வைக்கிறாங்களாம். நான் போய்ப் புதுசு கேட்டா அவ அத்தாவுக்குத் தெரிஞ்சிரும்."

"தேடுறேம்மா" என்றார் டீச்சர், தலையை நிமிர்த்தாமல்.

அரிசிச் சாக்கிலிருந்து அன்று திரும்பி வந்தவை பதினொரு சாக்ஸ்தான். புதிதாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றேன். முத்திரை போட்டது கடையில் கிடைக்காதாம். மெட்ரிக் பள்ளி அலுவலக ஜன்னலில் போய் நின்று கேட்க வேண்டுமாம். நிதிக்கும் பிள்ளைக்கும் ஊர் வாசலெல்லாம் ஏறி இறங்கிய சலேத்மேரி டீச்சர், அந்த ஜன்னலுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. ஆஷிகாவுக்கு ஒரு கால் சாக்ஸ் பாக்கி நிற்கிறது.