எடுக்கலாமா என்று கேட்ட எஸ்தர்

சனிக்கிழமை காலை குடையும் கையுமாக வாசலில் நின்றிருந்தேன். சனிக்கிழமை என்றால் நானும் எஸ்தரும் கேமராவோடு கிளம்பும் நாள். அவள் எப்போதும் தாமதமாகத்தான் வருவாள். நான் எப்போதும் அவளைத் திட்டத் தயாராகத்தான் நிற்பேன். அன்று அவளுக்குப் பதிலாக அவள் போகும் சர்ச்சில் மணி அடிக்கும் தேவசகாயம் வந்தார். "டீச்சரம்மா, எஸ்தர் டீச்சர் விடியக்காலையிலே தவறிட்டாங்க. ஜுரம் தலைக்கு ஏறிடுச்சாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம்கூட, "சும்மா ஜலதோஷம்தான் விசாலம், சனிக்கிழமை அல்சூர் ஏரிக்குப் போறோம்" என்று சொன்னவள். உடம்பைப் பற்றி ஒரு நாளும் உண்மை சொல்லாத மனுஷியோடு என்ன சிநேகிதம் வேண்டிக் கிடக்கிறது என்று தேவசகாயத்திடமே கத்தினேன். பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

இதைப் படிப்பவர்களில் பலர் எஸ்தர் ஞானமணியிடம் 'அ' எழுதக் கற்றவர்கள். உங்கள் டீச்சரை நான் 'அவள்' என்று எழுதுவது உங்களுக்கு உறுத்தும். பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த வகுப்பறையில் அத்தனை வருஷம் வேலை பார்த்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டுவிட்டு, இப்போது 'அவர்' என்று எழுதினால் யாரோ பரீட்சை நடத்த வந்த அம்மாளைப் பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது.

அவளுடைய கேமரா, தங்கவயலில் வேலை பார்த்த அண்ணன் ஒரு கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தது. கறுப்புப் பெட்டி. இடுப்போரம் பிடித்து, குனிந்து, மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் பார்த்து விசையைத் தட்ட வேண்டும். அதை வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் ஊரையே எடுத்துவிடலாம். எஸ்தரால் அது மட்டும் முடியாது. யாரை எடுப்பதானாலும் முதலில் எதிரே போய் நின்று, "எடுக்கலாமா?" என்று கேட்பாள். மார்க்கெட்டில் பூ விற்கிற அம்மாள், "வேணாம் தாயி, கண்ணு பட்டுடும்" என்றால், "சரிம்மா" என்று பெட்டியை மூடிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அவளோடு கதை பேசிவிட்டு வருவாள். ஏரிக்கரையில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் எருமையை எடுக்கலாமா என்று கேட்டாள். "என்னை ஏன் கேக்கறீங்க, அதையே கேளுங்க" என்றார் அவர். இவள் நிஜமாகவே எருமையின் பக்கம் திரும்பினாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கேட்டதும் என்ன ஆகும்? எதிரே இருப்பவர் முண்டாசைச் சரிசெய்துகொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆளே கம்பமாக விறைத்துப்போவார். "இதுக்குத்தான் கேக்காமே எடுன்னு சொல்றேன்" என்பேன். "இருடி, இன்னும் கொஞ்ச நேரத்துலே அலுத்துப்போவாங்க. அலுத்த முகம்தான் நெசமான முகம்" என்பாள். வெயிலில் அவளுக்குக் குடை பிடித்தபடி, யாராவது அலுத்துப்போவதற்காக நான் காத்து நின்ற பொழுதையெல்லாம் சேர்த்தால் ஒரு பட்டமே வாங்கியிருக்கலாம்.

கேட்பவள்தானே, சாது என்று நினைத்துவிட வேண்டாம். அப்போது நம் ஊர் இரண்டு ராஜ்ஜியமாக இருந்தது. பட்டாளம் இருந்த தண்டுப் பக்கம், அதாவது கண்டோன்மெண்டில், வெள்ளைக்காரன் போலீஸ்; பழைய ஊரான பேட்டைப் பக்கம் மகாராஜா போலீஸ். எல்லைக் கல்லைத் தாண்டி வந்து ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் அதிகாரம் செய்ய முடியாது. பெரிய பார்க்கின் ஓரத்தில் ஒரு நாள் எஸ்தர் ஜட்கா வண்டிகளை எடுக்க நின்றாள். வண்டிக்காரர்கள் சரி என்று சொல்லியாயிற்று. தண்டுக் கான்ஸ்டபிள் ஒருவர் வந்து, "ஏம்மா, இங்கே படம் கிடம் எடுக்கக் கூடாது, ஜல்தியா நகருங்க" என்றார். "எந்தச் சட்டத்துலே இருக்கு?" என்றாள் எஸ்தர். "சட்டம் எல்லாம் எனக்குத் தெரியாது. பொம்பளைங்க ரோட்டுலே பெட்டியை வெச்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கல்லைத் தாண்டி நாலடி போனாள், திரும்பினாள், அதே வண்டிகளை அங்கிருந்து குறிபார்த்தாள். தண்டுக்காரர் கல்லோடு நின்றுவிட்டார். பேட்டைப் பக்கத்துக் கான்ஸ்டபிள் வந்து, "ஏனம்மா சமாச்சாரா?" என்று கன்னடத்தில் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஒரே குஷி. மீசையை முறுக்கிக்கொண்டு, தன்னையும் ஒன்று எடுக்கச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும்போது எஸ்தர் சொன்னாள்: "ரோடு பொது விசாலம். நடக்கறதுக்குப் பொதுன்னா பாக்கறதுக்கும் பொது. பாக்கறதுக்குப் பொதுன்னா எடுக்கறதுக்கும் பொது. மூஞ்சி மட்டும் அவங்கவங்களுது."

யுத்தம் வந்தது. என் தம்பி துரை பட்டாளத்தில் சேர்ந்தான். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா அவனைச் சின்ன வயசிலிருந்து ஒரு படம்கூட எடுக்க விட்டதில்லை. சண்டைக்குக் கப்பல் ஏறப் போகிறான் என்று தெரிந்ததும் அதே அம்மா தலைகீழாக மாறினாள். ஆனால் லீவு கிடையாது, பட்டாளம் தங்கியிருந்த லைனுக்குள் யாரையும் விடவும் மாட்டார்கள். லைனிலிருந்து ரயிலடிக்கு அவர்கள் அணிவகுத்து நடக்கும் அந்த வீதிதான் ஒரே வழி. அம்மா எஸ்தரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எஸ்தரு, எம்புள்ளை மூஞ்சிய எனக்கு எடுத்துக் குடும்மா."

பட்டாளத்தைப் படம் எடுப்பது பற்றி ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எஸ்தர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்று படித்தாள். "லைனுக்குள்ளே கூடாதுன்னு போட்டிருக்கான், ரயிலடியிலே கூடாதுன்னு போட்டிருக்கான். வீதியைப் பத்தி ஒண்ணும் போடலை" என்றாள். ஃபிலிம் அப்போது குதிரைக்கொம்பு. பெட்டிக்குள் இருந்த சுருளில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் மிச்சமிருந்தது.

அன்று அம்மாவும் நானும் வீதிக்கு இந்தப் பக்கம் நின்றோம். துரையின் வரிசை அந்த ஓரமாக வரும் என்று எஸ்தர் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்றாள். பாண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. துரை அவளுக்கு நேரே வந்தான். பெட்டி அவள் இடுப்போரத்தில் தயாராக இருந்தது. சத்தமில்லாமல் ஒரு தட்டு தட்டியிருந்தால் அந்தக் கூட்டத்தில் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. அந்த மகராசி கையை உயர்த்தி, "துரை, எடுக்கலாமா?" என்று கத்தினாள். துரை சட்டென்று திரும்பினான். நடை தப்பியது. சிரித்தான், வாய் அசைந்தது, ஏதோ சொன்னான். அவள் குனிந்து விசையைத் தட்டினாள். அடுத்த நிமிஷம் ஒரு வெள்ளைக்காரச் சார்ஜெண்டு அவள் முழங்கையைப் பிடித்துவிட்டான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நம் ஊர்க்காரர், நல்ல மாதிரி. "டீச்சர், பெட்டியைத் திறந்துடுங்க. வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு. நீங்களும் வீட்டுக்குப் போங்க, நானும் காபி குடிக்கப் போறேன்" என்றார். எஸ்தர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "திறக்க மாட்டேன் சார். நீங்களே எடுத்துட்டுப் போய்க் கழுவிப் பாருங்க. கழுவின பிறகு அதுலே ரகசியம் இருந்தா என்னை ஜெயில்லே போடுங்க. பாக்காமே அழிக்கிறதுக்கு இது என்ன குப்பையா? ஒரு அம்மாவோட பிள்ளை இருக்கான் இதுலே." இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு, பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்து அலமாரியில் பூட்டினார்.

விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. ஃபிலிமை அழிக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று மானேஜர் சொல்லிவிட்டார். தாய் தகப்பன் இல்லாதவள், அந்தச் சம்பளத்தைத் தவிர வேறு கதி கிடையாது. நான் அவள் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினேன். "விட்டுத் தொலை எஸ்தர். அம்மாவை நான் சமாதானம் பண்ணிக்கறேன்." அவள் என் கையை எடுத்துவிட்டாள். "உங்கம்மா எங்கிட்டே கேட்டாங்க. உங்கிட்டே கேக்கலை."

எழுதிக் கொடுக்கவில்லை. பெற்றோர் சிலர் போய்ப் பேசியதால் வேலை மட்டும் பிழைத்தது. மேல் வகுப்புகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்தவளைக் குழந்தைகள் வகுப்புக்கு அனுப்பினார்கள். கடைசி வரை அங்கேதான் இருந்தாள். நீங்கள் அவளிடம் 'அ' கற்ற காரணம் இதுதான். பல மாசம் கழித்து யாரோ ஒரு மேலதிகாரி அந்த ஃபிலிமைக் கழுவிப் பார்க்கச் சொன்னார். ஏரி, வண்ணான் கல், பலாப்பழத்தோடு ஒரு கிழவர், கடைசியில் சிரிக்கிற ஒரு சிப்பாய். இதில் ரகசியம் எங்கே என்று அவரே கேட்டு, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னாராம்.

படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. துரை வரவில்லை. பர்மாவிலிருந்து தந்திதான் வந்தது.

அதற்குப் பிறகு எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "என்னடா சொல்றே?" என்று அவனைக் கேட்பாள். அவன் வாய் திறந்திருக்கும். பதில் சொன்னது எப்போதும் எஸ்தர்தான், அவள் மட்டும்தானே பக்கத்தில் நின்றவள்: "'எடுங்கக்கா, அம்மாகிட்டே காட்டுங்க'ன்னு சொன்னாம்மா." ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை, ஒரு வார்த்தையும் மாற்றிச் சொன்னதில்லை. அந்தப் பாண்டுச் சத்தத்தில் அவளுக்கு நிஜமாகவே கேட்டதா என்று நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

கேமரா அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறது. போகட்டும், எனக்கு வேண்டாம். எனக்கென்று அவள் விட்டுப்போனது அந்த ஒரு வாக்கியம். அடக்கம் முடிந்து வந்த அன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போலப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். "என்னடா சொல்றே?" என்றாள். கேட்டுவிட்டு, எஸ்தர் எப்போதும் உட்காரும் பக்கம் பார்த்தாள். எவ்வளவு நேரம்தான் அப்படியே விடுவது? நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "'எடுங்கக்கா, அம்மாகிட்டே காட்டுங்க'ன்னு சொன்னாம்மா" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கும் கேட்டுதா?"

"கேட்டுதும்மா" என்றேன்.