சம்பூர்ப் பக்கம் முளைத்த பாத்தீனியம்

1. தொலைபேசி

மாரி தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் தேநீரைக் கையில் எடுத்த நேரம் தொலைபேசி அடித்தது. சம்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பரமேஸ்வரி அக்கா பேசினார்.

“மிஸ், நீங்க அண்டைக்குக் கூட்டத்தில காட்டின செடி இஞ்ச வந்திட்டுது.”

“ஒண்டு ரெண்டா அக்கா?”

“இல்லை மிஸ், கனக்க. என்ர கச்சான் தோட்டத்து வேலி வரைக்கும் நிக்குது.”

வெளியிலிருந்து வந்து உள்ளூர் உயிர்களை நெருக்கித் தள்ளும் இனங்களைக் கண்டுபிடித்துக் கட்டுப்படுத்துவதுதான் என் உத்தியோகம். துறைமுகத் தூண்களில் ஒட்டும் புதுச் சிப்பியைச் சுரண்டி எண்ணுவேன். குளங்களில் மிதக்கும் ஆற்றுவாழை மூடிய பரப்பை அளப்பேன். வயலோரங்களில் பாத்தீனியம் தேடுவேன். “களை பிடுங்கவும் அரசாங்கம் சம்பளம் தருதோ?” என்று என் கணவர் சீண்டுவார். இவற்றில் எனக்குப் பயம் பாத்தீனியத்தில்தான். வெள்ளைப் பொட்டுப் பூவோடு அப்பாவி போல நிற்கும். பயிரை அமுக்கும், தொட்டவருக்குத் தோல் அரித்துக் கடிக்கும், மாடு தின்றால் பால் கசக்கும். விழுந்த விதை வருடக்கணக்கில் மண்ணில் கிடந்து மழைக்கு முளைக்கும்.

பரமேஸ்வரி அக்கா போரில் இடம்பெயர்ந்து, பல வருடம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். காடாகிக் கிடந்த காணியைத் தன் கையால் வெட்டித் திருத்தி, அதில் கச்சான் என்னும் நிலக்கடலை போட்டிருந்தார். அந்தக் காணியும் போய்விடும் என்றால் அவர் இனி எங்கே போவார் என்று யோசித்தபடியே கெப் வண்டியில் ஏறினேன்.

2. வேலியோரம்

போய்ச் சேர்ந்தபோது பொதுநோக்கு மண்டபத்தின் முன்னால் சனம் கூடியிருந்தது. வேலிக்கு வெளியே தடியோடு, எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சலீம் நின்றார். அறுவடை முடிந்ததிலிருந்து அடுத்த விதைப்பு வரைக்கும் மூதூரிலிருந்து மாட்டுப் பட்டியைக் கொண்டுவந்து இந்த வயல்களில் மேய்ப்பவர்.

“மாட்டுச் சாணியிலதான் விதை வந்திருக்கு மிஸ். இனி காக்காவின்ர பட்டியை உள்ள விட ஏலாது. நாங்க முடிவெடுத்திட்டம்” என்றார் பரமேஸ்வரி அக்கா.

சலீம் காக்கா என்னைப் பார்த்தார். “என்ட மாடு அந்தச் செடியத் திண்டத நான் காணல்ல மிஸ். இந்த வயலும் இல்லாட்டி மாட்ட எங்க கொண்டு போற?”

செடி எண்ணும் ஒரு மீற்றர்ச் சதுரச் சட்டத்தை எடுத்துக்கொண்டு மாடு நடக்கும் பாதை நெடுகப் போட்டுப் பார்த்தேன். ஒரு செடி இல்லை. வயலிலும் இல்லை. மண்டபத்துக்கும் அக்காவின் தோட்டத்து வேலிக்கும் நடுவிலிருந்த வேப்பமரத்தைச் சுற்றித்தான் பச்சைப் பசேலென்று நின்றது, அதுவும் வட்டமாக. சட்டத்தை மண்ணில் வைத்தவள் நிமிரவில்லை. அந்த வட்டம் எனக்குத் தெரிந்த வட்டம்.

கோடையில் இதே இடத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தவள் நான். அன்றைக்குக் கரண்ட் இல்லை, படம் காட்டும் மல்டிமீடியா வேலை செய்யவில்லை. மண்டபத்துக்குள் புழுக்கம். மர நிழலில் கதிரைகளை வட்டமாகப் போட்டோம். வரும் வழியில் ஒரு வெறுங்காணியில் பிடுங்கி, பேப்பரில் சுற்றி வைத்திருந்த பாத்தீனியத்தை எடுத்து, “கையில பிடிச்சு வடிவாப் பாருங்கோ” என்று கொடுத்தேன். பூவும் விதையுமாக நின்ற செடி கை கையாக ஒரு சுற்று வந்தது. நல்ல கூட்டம் நடத்தினேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு.

3. மேலதிகாரி

கெப்புக்குப் பின்னால் நின்று மேலதிகாரிக்கு அழைத்துச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

“அறிக்கைப் படிவத்தில, பரவின வழி எண்ட இடத்தில, தெரியாது எண்டு எழுதுங்க. மாடும் கொண்டு வரும், மணல் லொறியும் கொண்டு வரும். ஆர் கண்டது?”

“மாட்டுக்காரரை மறிச்சிட்டினம் சேர்.”

“அது கிராமத்துப் பிரச்சினை. நீங்க ஏன் தலையைக் குடுக்கிறீங்க?”

அவர் சொன்னபடி செய்ய எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்றாலும் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சலீம் காக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பட்டியைத் திருப்பத் தொடங்கியிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

4. கதிரைகள்

“மாடு இல்லை. நான்தான் கொண்டு வந்தனான்” என்று சனத்திடம் சொல்லி, நடந்ததை ஒன்றும் விடாமல் விளக்கினேன். நல்ல ஏச்சு விழும் என்று நின்றேன்.

“அப்ப என்ட மாட்டுக்கிட்ட ஆர் மன்னிப்புக் கேக்கிற?” என்றார் சலீம் காக்கா. சனம் சிரித்துவிட்டது.

பரமேஸ்வரி அக்கா சிரிக்கவில்லை. மண்டபத்துக்குள் போய்க் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அண்டைக்கு ஆர் எங்க இருந்ததெண்டு எங்களுக்கு நினைவிருக்கு. எல்லாரும் அப்பிடியே இருங்கோ.”

இருந்தார்கள். செடி எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போனது, யார் உதறினார்கள், யார் முகர்ந்து பார்த்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒவ்வொரு கதிரையடியிலும் தடி நட்டு அடையாளம் வைத்தேன். இத்தனை வருடச் சேவையில் இவ்வளவு துல்லியமான வரைபடம் எனக்குக் கிடைத்ததில்லை. பூக்க முன்னர், கையுறை போட்டு, வேரோடு பிடுங்கினோம். சலீம் காக்காவும் குனிந்து நின்று பிடுங்கினார்.

பிடுங்கி முடியும் நேரம் பரமேஸ்வரி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மிஸ், நானும் ஒரு கொப்பு முறிச்சு வீட்டுக்குக் கொண்டு போனனான். என்ர இவருக்குக் காட்ட. பிறகு கிணத்தடியில எறிஞ்சனான்.”

ஓடாத குறையாகப் போனோம். கிணற்றடியில், வாய்க்கால் தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில், மூன்று செடிகள் நின்றன. ஒன்று மொட்டு விட்டிருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் கிணற்றுத் தண்ணீரே விதையைக் கச்சானுக்குள் கொண்டு போயிருக்கும். நான் வாயை மூடியிருந்தால் அவரும் மூடியிருப்பார்.

அடுத்து வந்த ஒவ்வொரு மாரியிலும் அங்கே போனேன். முதலில் சில கன்றுகள், பிறகு ஒன்றிரண்டு, போன மாரியில் ஒன்றுமில்லை. கச்சான் நிற்கிறது. அறுவடை முடிந்தால் பட்டியும் வருகிறது. இப்போது கூட்டங்களுக்குப் படம் மட்டும்தான் கொண்டு போவது. இளம் உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: உங்கள் பிழையை முதலில் நீங்கள் சொல்லுங்கள், களை எங்கே நிற்கிறது என்று சனம் சொல்லும். இதை எனக்குப் படிப்பித்த அந்தக் கிராமத்துக்கு நான் என்றைக்கும் நன்றிக்கடன் பட்டவள்.

அந்த மூன்று செடியையும் பிடுங்கிய அன்று, கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து படிவத்தை நிரப்பினேன். பரவிய வழி என்ற இடத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதினேன். பக்கத்தில் நின்று வாசித்த பரமேஸ்வரி அக்கா, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“தனிய எழுதாதேங்கோ மிஸ். கீழ என்ர பேரையும் போடுங்கோ.”