கார் நிறுத்துமிடத்தில் ஒரு மலை

கொழும்பில் மூன்று வாரம் வேலை என்று பத்திரிகை அலுவலகத்திலிருந்து அழைத்துச் சொன்னபோது, பக்கத்தில் மேடு ஏதாவது உண்டா என்று கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் சற்று யோசித்துவிட்டு, அறை முதல் மாடியில்தான், படி ஏறுவது சிரமமாக இராது என்றார்.

நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பதுளை டவுனிலிருந்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தொழிற்சாலை வரை ஒரு சைக்கிளோட்டம் நடக்கும். வழி முழுக்க ஏற்றம். அணிக்கு மூன்று பேர். மூவரில் கடைசியாக வந்து சேர்பவரின் நேரம்தான் அணியின் நேரம். முதலாமவர் எவ்வளவு விரைவாகப் போனாலும் பயனில்லை. எங்கள் அணியில் கடைசியாக வருபவன் நான்.

மற்ற இருவரில் ஒருவர் ஸ்பிரிங்வெளித் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். மற்றவருக்குப் பதுளை பஜாரில் இரும்புக் கடை. இந்த ஆண்டு பசறையிலிருந்து ஓர் ஆசிரியையும் எங்களோடு ஏறத் தொடங்கியிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஆள் நான்காகிவிட்டது; இடம் மூன்றுதான். நான் கொழும்பிலிருந்து திரும்பியதும் வரும் ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஆசிரியையையும் ஏறவிட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. முன்னால் வருபவர் அணியில் இருப்பார்.

புறப்படும் முன் இரும்புக் கடையில் நின்று, சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றி உரச்சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"கொழும்புல எங்க போயி மிதிப்பீங்க, பேப்பர்காரரே? அங்க ஊரே தோசக்கல்லு மாதிரில்ல கெடக்கு" என்றார் தொழிற்சாலைக்காரர்.

"கடலோரமா நல்ல ரோடு இருக்கே" என்றார் கடைக்காரர்.

"சமதரையில மிதிக்கிறது ஒரு மிதியா மொதலாளி? அது சும்மா கால ஆட்டுறது."

நாங்கள் சிரித்தோம். ஆனால் எங்கள் பக்கத்தில் இது வேடிக்கைக்காகச் சொல்லப்படுவதில்லை. தோட்டத்துப் பாதையில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் குறைவு. வைத்திருப்பவர்களுக்கு ஓடுவது என்றால் ஏறுவது. எத்தனை கிலோமீற்றர் ஓடினாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எதுவரை ஏறினாய் என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

வெள்ளவத்தையில் அறை. முதல் நாள் விடியற்காலையில் மரைன் டிரைவில் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். மறுபக்கம் மாடிக் கட்டிடங்கள். பாதை தட்டையாகக் கிடந்தது. ஏழெட்டுப் பேர் வரிசையாகச் சைக்கிளில் வந்தார்கள். பளிச்சென்ற சட்டைகள், விலையுயர்ந்த சைக்கிள்கள். முன்னால் வந்த பெண் வேகத்தைக் குறைத்து, "வாங்கோவன் அண்ணா, தெஹிவளை மட்டும் போயிட்டு வருவம்" என்றார். வங்கியில் வேலை செய்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேறு வேலை இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். அவர்கள் கால்களை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு போனது எனக்குத் தையல் இயந்திரத்தை நினைவூட்டியது.

மேட்டை அன்று மாலை கண்டுபிடித்தேன். அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வணிகக் கட்டிடம். அதில் ஐந்து மாடிக்குக் கார் நிறுத்துமிடம். மாடிக்கு மாடி சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம். சரிவு ஸ்பிரிங்வெளிப் பாதையைவிடக் கொஞ்சம் கடுமை. மறுநாள் காலை சைக்கிளோடு போய் வாசலில் நின்றேன். காவலாளி எழுந்து வந்தார்.

"என்ன சார், காரத் தேடுறீங்களா?"

"இல்ல, மேடு தேடுறேன். இதுல கொஞ்ச நேரம் ஏறி எறங்கலாமா?"

அவர் என்னையும் சைக்கிளையும் பார்த்தார். "எந்த ஊரு?"

"பதுளை."

"அதானே. நானும் அந்தப் பக்கந்தான், லுணுகல. மேட்டுல ஏற முடியாமத்தான் நான் கொழும்புக்கு வந்தேன். நீங்க இங்கயும் வந்து மேட்டத் தேடுறீங்க. நம்ம ஆளுகளுக்குப் புத்தி எங்க போனாலும் மாறாது." வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்தார். "ஏழு மணிக்கு மேல கேமராவ யாராவது பாப்பாங்க. அதுக்கு முன்ன எறங்கிருங்க. விழுந்து கிழுந்து வச்சீங்கன்னா நான் ஒங்களப் பார்த்ததே இல்ல."

அன்று முதல் தினமும் ஏறினேன். மேல் மாடி வரை ஏற இரண்டு நிமிடத்துக்குள்தான் ஆகும். பிறகு இறங்குவேன், மீண்டும் ஏறுவேன். ஒரு மாடியின் உயரத்தைக் கணக்கிட்டு, எத்தனை முறை ஏறினால் ஸ்பிரிங்வெளி உயரம் வரும் என்று பார்த்து, அத்தனை முறையும் ஏறினேன். கூட்டல் சரியாக வந்தது. ஏற்றத்தின் வேகமும் நாளுக்கு நாள் கூடியது. தொழிற்சாலைக்காரருக்குக் குரல் செய்தியில் சொன்னேன். "அப்பிடிப் போடுங்க. டீச்சர் பாவம்" என்று பதில் வந்தது.

காவலாளி சில நாட்களில் தேநீர்க் கோப்பையோடு மூன்றாம் மாடியில் நின்று பார்ப்பார். "சார், இது இன்னிக்கு எத்தனாவது தடவ? மேல போயி என்னத்தையாவது மறந்துட்டு வந்திர்றீங்களா?" என்பார்.

மூன்றாவது வாரத்தில், ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, சாய்தளத்தில் கோடுகளுக்கு வண்ணம் பூச மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மரைன் டிரைவுக்குப் போனேன். அதே குழு வந்தது. அதே பெண் அழைத்தார். இந்த முறை, மலைநாட்டு ஆள் என்று சொல்லிக்கொண்டு சேர்ந்துகொண்டேன்.

கொள்ளுப்பிட்டிப் பக்கம் போய்த் திரும்பும்போதே என் தொடைகள் இறுகிவிட்டன. அவர்கள் அப்படியொன்றும் வேகமாகப் போகவில்லை. நிறுத்தாமல் போனார்கள், அவ்வளவுதான். காலைச் சும்மா வைத்திருக்க ஒரு விநாடிகூட அந்தப் பாதையில் கிடைக்கவில்லை. குழுவுக்கும் எனக்கும் இடையில் ஒரு பஸ் நுழையும் அளவு தூரம் விழுந்தது. பிறகு இரண்டு பஸ். அந்தப் பெண் பின்னால் வந்து சேர்ந்தார்.

"நீங்கள் மலைநாட்டு ஆள் எண்டல்லோ சொன்னீங்கள்? எங்களை விட்டுட்டுப் பறப்பீங்கள் எண்டு நினைச்சன்."

"மூணு வாரமா கார் பார்க்குல ஏறிட்டு இருந்தேன்."

"ஏறிப்போட்டு?"

"எறங்குவேன்."

"அப்ப பாதி நேரம் ரெஸ்ட் எடுத்திருக்கிறீங்கள்" என்றார். கேலி செய்யவில்லை. வங்கியில் ஒரு கணக்கைச் சரிபார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

தெஹிவளையில் அவர்கள் இளநீர் குடித்தபோது, நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்பிரிங்வெளி ஏற்றம் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. இடையில் இறக்கமே கிடையாது. நான் உயரங்களைக் கூட்டியிருந்தேன். நடுநடுவே வந்த ஓய்வைக் கழிக்கவில்லை. அவர்களோடு தினமும் ஒரு மணி நேரம் கால்களை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் ஞாயிறுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

ஞாயிறு காலை பதுளையில் லேசான பனி. நால்வரும் ஒன்றாகப் புறப்பட்டோம். முதல் ஏற்றத்தில் நான் எல்லோருக்கும் முன்னால் போனேன். "கொழும்புச் சோறு வேல செய்யுதுடோய்!" என்று தொழிற்சாலைக்காரர் பின்னாலிருந்து கத்தினார். ஆசிரியையின் மூச்சுச் சத்தம் பின்னால் கேட்டது. அது மாறவே இல்லை.

டவுனின் வீடுகள் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் என் கால்கள் இறக்கத்தை எதிர்பார்த்தன. அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நிமிடம் முழு வலுவோடு மிதிப்பது, பிறகு விடுவது என்று அவை பழகியிருந்தன. விட்டால் சைக்கிள் நின்றுவிடும். பாதை வளையும் ஒவ்வொரு முடக்கிலும் சற்றுத் தளர்ந்து, மீண்டும் எழுந்து நின்று மிதித்தேன். கடைக்காரர் கடந்து போனார். தொழிற்சாலைக்காரர் பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் போனார்.

கடைசியாக ஆசிரியை வந்தார். "சார், ஓரமா வாங்க, பின்னால லொறி வருது" என்றார். ஓரம் கட்டினேன். லொறி போனதும் பார்த்தேன். அவர் அடுத்த முடக்கைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூவரும் தொழிற்சாலைக்கு எதிரே உள்ள கடையில் தேநீர் குடித்து முடித்திருந்தார்கள். எனக்கு ஒன்று மூடி வைத்திருந்தார்கள். இரும்புக் கடைக்காரர்தான் ஆரம்பித்தார்: "பேப்பர் வேல எப்பவும் அலைச்சல்தான். அதுலயும் இத்தன வருசம் நமக்காக வந்து..."

"இழுக்காதீங்க மொதலாளி" என்றார் தொழிற்சாலைக்காரர். என் பக்கம் திரும்பினார். "டீச்சரே ஓடட்டும். என்ன சொல்றீங்க?"

"ஓடட்டும்" என்றேன்.

"சார், நீங்க வேணும்னா அடுத்த வாரம் இன்னொரு தடவ ஏறிப் பாக்கலாம். எனக்குப் பரவால்ல" என்றார் ஆசிரியை.

"வேணாம் டீச்சர். நீங்க நல்ல நேரத்துல வந்திருக்கீங்க."

அப்போது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. புத்தாண்டு விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விடுகிறார்கள், பத்திரிகைப் பக்கங்களைச் சரிபார்க்க ஆளில்லை, கொழும்புக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். வருடா வருடம் கேட்பார்கள். வருடா வருடம் போட்டியைச் சொல்லி மறுப்பேன்.

"வர்றேன்" என்றேன்.

தொழிற்சாலைக்காரருக்குக் கேட்டிருக்க வேண்டும். வெற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு வந்தார். "போலாமா, டீச்சர் நேரத்தோட பசற பஸ்ஸப் புடிக்கணும்" என்று சைக்கிளை எடுத்தார்.